நாற்பத்தெட்டுப் பளிங்குக் கற்கள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. பளிச்சு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இரத்தக் கறையோ மருந்துக் கறையோ, மற்றவர்கள் கைவிட்டு ஓரமாக எறிந்த விரிப்பை எடுத்து, இரண்டு அலசலில் வெள்ளையாக்கி மடித்து வைத்துவிடுவாள். இருபத்தாறு வருட வேலையில் அவள் கையோடு ஒரு பாடம் ஒட்டிக்கொண்டிருந்தது. சோப்பு எவ்வளவு போட்டாலும் கடைசி அலசலில் கொஞ்சம் புளிப்பு சேர்க்க வேண்டும். அப்போதுதான் சோப்பின் மிச்சம் போய், துணி மஞ்சளடிக்காமல் நிற்கும்.

இந்தப் பாடத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். கூடத்தைத் துடைக்கிற வாளித் தண்ணீரில் தினமும் ஒரு குவளை வினிகர். இந்த வாடகை வீட்டுக்கு வந்த ஒன்பது வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் எழுந்து துடைத்துவிட்டுத்தான் மறுபடி படுத்தாள்.

"நம்ம வீட்டுக்கு ஈ வந்தாக்கூட வாசல்ல காலைக் கழுவிட்டுத்தான் உள்ள வரும்" என்று அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அவர் டிவி, ரேடியோ பழுது பார்த்தவர். நான்கு வருடத்துக்கு முன் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. முதல் எட்டு மாதம் நாற்காலியே கதி என்று கிடந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் கூப்பிடுவார். கழிவறைக்குப் போகவேண்டுமென்றால் கூப்பிடுவார். அவள் வேலைக்குப் போன பொழுதுகளில் கூப்பிட ஆள் இல்லாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூடத்தில் நாற்பத்தெட்டுப் பளிங்குக் கற்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை அடிச் சதுரம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஓடும் பூச்சுக்கோடு கல்லைவிடக் கொஞ்சம் தாழ்ந்து, கால் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தவருடைய கட்டைவிரல் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தது. நாலு கோடு தாண்டினால் ஜன்னல். அங்கிருந்து வலப்பக்கம் மூன்று கோடு, சமையலறை. நேராக ஐந்து, கழிவறை. ஒரே மாதத்தில் அந்தக் கூடம் முழுக்க அவர் காலுக்கு மனப்பாடம். இப்போது தேநீர் அவரே போட்டுக்கொள்கிறார். அவள் இல்லாத நேரம் யாராவது கதவைத் தட்டினால் அவரே போய்த் திறக்கிறார்.

வீட்டுக்காரம்மா மாடியில் இருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எதைப் பார்த்தாலும் மார்க் போடுகிற பார்வை. ஒரு சனிக்கிழமை குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கக் கீழே வந்தவர், குழாயை மறந்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"என்னம்மா இது? நான் குடுத்தது மார்பிள். இங்க கிடக்கறது சுண்ணாம்புக் கட்டி."

"தினமும் துடைக்கிறேன் மேடம்."

"துடைச்ச லட்சணம் தெரியுதே! சரி, கல்லுக்கு வயசாயிடுச்சு போல. எல்லாத்தையும் உடைச்சு எடுத்துட்டு டைல்ஸ் போட்டுடலாம். நாலடிக்கு ரெண்டடி. ஜாயிண்ட் இருக்கிறதே காலுக்குத் தெரியாது. கண்ணாடி மாதிரி இருக்கும்."

பெருமையாகத்தான் சொன்னார். நாற்காலியில் இருந்தவருடைய கட்டைவிரல் கோட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டதை அந்தம்மா கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

வீட்டுக்காரம்மா மாடியேறியதும் அவள் கணவரிடம் சொன்னாள். "நான் போய்ச் சொல்றேங்க. உங்களுக்கு இந்தக் கோடு இல்லாம முடியாதுன்னு."

"வேண்டாம். என் கண்ணைக் காட்டி யார்கிட்டயும் சலுகை கேக்காத. கேட்டா நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்."

"கேக்கலைன்னாலும் எழுந்திருக்க முடியாதே."

அவர் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை டைல்ஸ்காரர் அளவெடுக்க வந்தார். காதில் பென்சில், இடுப்பில் டேப், வாய் நிறையப் பேச்சு. சுவரோரம் நின்ற இரும்பு அலமாரியை நகர்த்தினால்தான் அளக்க முடியும் என்றார். இரண்டு பேருமாகத் தள்ளினார்கள்.

"அக்கா, இங்க மட்டும் யாரு புதுக் கல்லு போட்டது?"

அலமாரி நின்ற இடத்தில் பளிங்கு ஈரம்போல மின்னியது. கல்லுக்குள் ஓடுகிற சாம்பல் நரம்புகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

"யாரும் போடலை. அங்க மாப்பு போகாது" என்றாள். சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் நின்றாள்.

டைல்ஸ்காரர் குந்தி உட்கார்ந்து, மின்னுகிற கல்லையும் மங்கிய கல்லையும் மாறி மாறித் தடவினார். "தண்ணில என்னக்கா ஊத்துறீங்க?"

"வினிகர். தினமும் ஒரு குவளை." இருபத்தாறு வருட அனுபவத்தோடு சொன்னாள்.

"வினிகரா! மார்பிளுக்கா! தினமுமா!" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த பாட்டிலைக் கொண்டாங்க."

மின்னுகிற கல்லின் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டார். பொடிப்பொடியாய் நுரை கிளம்பியது. சற்றுப் பொறுத்துத் துடைத்தால், அந்த இடத்தில் மட்டும் பொட்டு வைத்தது போல ஒரு மங்கல்.

"பாத்தீங்களா? இது அழுக்கு இல்லக்கா. புளிப்பு கல்லை அரிச்சிருச்சு. மேல்தோல் போயிருச்சு. சோப்பு போட்டுத் தேய்ச்சா மட்டும் வந்துருமா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊரார் கறையையெல்லாம் எடுத்தவள், ஒன்பது வருடமாகக் குனிந்து குனிந்து ஒரு கூடம் அளவுக்குக் கறை போட்டிருக்கிறாள். சோம்பேறியாக இருந்திருந்தால் தரை பிழைத்திருக்கும்.

நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. முந்தின நாளிலிருந்து வாயே திறக்காத மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னால எடுக்க முடியாத கறையே கிடையாதுன்னு பீத்திப்பியே! இப்ப நீயே போட்ட கறை. எடு பாக்கலாம்."

அவளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபத்தோடேயே எழுந்து நின்றாள்.

"போன தோலு திரும்ப வராதா?" என்று டைல்ஸ்காரரிடம் கேட்டாள்.

"வரும். வாட்டர் பேப்பர்னு உப்புத்தாள் இருக்கு, அதை நனைச்சு, சொரசொரப்புல ஆரம்பிச்சு வழவழப்பு வரைக்கும் தேய்க்கணும். அப்புறம் பாலிஷ் மாவு போட்டுக் கம்பளியால தேய்க்கணும். கையாலன்னா ரெண்டு முழங்காலும் கழண்டு கையில வந்துரும். அதுவும் நாப்பத்தெட்டுக் கல்லு! நான் டைல்ஸ் போட வந்தவன்க்கா, என் வாயாலயே என் வேலைக்கு வேட்டு வெக்க வெக்கறீங்க."

சொன்னாரே தவிர, போகிற போக்கில் எந்த நம்பர் பேப்பர் முதலில், எது கடைசியில் என்று சுவரில் பென்சிலால் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்.

அவள் மாடியேறினாள். கதவைத் திறந்த வீட்டுக்காரம்மாவிடம் மூச்சு வாங்கியபடியே சொன்னாள்: "மேடம், கல்லுக்கு வயசாகலை. நான்தான் கெடுத்துட்டேன். நானே சரி பண்றேன்."

"ஒன்பது வருஷம் கெடுத்தவ எவ்வளவு நாள்ல சரி பண்ணுவே?"

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"நல்லா வந்த நாலு கல்லை மட்டும் காட்டிட்டு என்கிட்ட பாஸ் மார்க் கேக்கக்கூடாது."

"நாப்பத்தெட்டும்."

அந்தம்மா கண்ணாடியைக் கீழிறக்கிப் பார்த்தார். "ஞாயிறு காலைல பத்து மணி. டைல்ஸ்காரர் சுத்தியலோடதான் வருவார். ஒரு கல்லு மங்கியிருந்தாலும் உடைப்பார்."

சலவைக்கூடத்தில் சேர்ந்து கிடந்த விடுப்பில் ஒரு வாரம் எழுதிக் கொடுத்தாள். கிழிந்துபோய்க் கழித்துக் கட்டிய கம்பளி ஒன்றை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி வந்து துண்டு துண்டாக வெட்டினாள். ஒரு மரக்கட்டையில் கம்பளியைச் சுற்றி ஆணி அடித்தாள். திங்கள் காலை, ஜன்னலோரம் முதல் கல்லில் முழங்காலை ஊன்றினாள்.

முதல் கல் அவளை அழவைத்தது. மூன்று மணி நேரம் தேய்த்தாள். தண்ணீர் பால்போல வழிந்தது. துடைத்துப் பார்த்தால் நடுவில் பளபளப்பு, சுற்றிலும் மங்கல். வழுக்கைத் தலையைச் சுற்றி முடி விட்டது போல.

"எப்படி இருக்கு?" என்றார் கணவர்.

"நல்லா வந்திருக்கு" என்றாள், குரலில் பலமில்லாமல்.

அவர் நாலாவது கோடு வரை நடந்து வந்து குந்தினார். விரல்நுனிகளைக் கல்லின் மேல் மெதுவாக ஓட்டினார். "நடுவுல வெண்ணெய். இங்க ஓரத்துல மணல். மூலையில ரெண்டு கீறல். கையை நடுவுலயே அழுத்தறே நீ. விரிப்பை இஸ்திரி போடறப்ப ஓரத்திலேர்ந்து ஆரம்பிப்பேன்னு சொல்லுவியே, அது எங்க போச்சு?"

தன் கண்ணுக்கே தெரியாத இரண்டு கீறலை அவர் விரல் பார்த்துவிட்டது.

அதிலிருந்து வேலை பிரிந்தது. அவள் தேய்ப்பாள். அவர் தடவுவார். "தேறிடுச்சு" என்றால்தான் அடுத்த கல். "மறுபடி" என்றால் மறுபடி.

"மறுபடி."

"நீங்க அந்த ஹெட்மிஸ்ட்ரஸுக்கே மேல போறீங்க!"

"அந்தம்மா கண்ணால பாக்கறவங்க, ஏமாத்திடலாம். என்னை ஏமாத்த முடியாது. மறுபடி."

கோடுகளுக்குப் புளிப்பும் இல்லை, ஆசிட்டும் இல்லை. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, ஊறவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் இழுத்தாள். கறுத்துக் கிடந்த கோடு வெள்ளைக் கயிறு போல எழுந்தது. ஆழம் மட்டும் குறையாமல் பார்த்துக்கொண்டாள். வழியை மூடிவிட்டுத் தெருவைக் கழுவி என்ன பயன்?

கை பழகப் பழக வேகம் கூடியது. செவ்வாய் முடிய பதினொன்று. புதன் முடிய இருபது. வியாழன் மதியம் இருபத்தைந்தில் அவள் முழங்கால் இரண்டும் பன்போல வீங்கிவிட்டன. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுவரில் சாய்ந்து, மீதிக் கற்களை எண்ணினாள். இருபத்துமூன்று. கைவிரலை மடக்கி மறுபடி எண்ணினாலும் அதே இருபத்துமூன்று.

"முடியாதுங்க" என்றாள். அந்தச் சொல்லை அவர் அவள் வாயிலிருந்து அதுவரை கேட்டதில்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. அவர் கோடுகளைக் காலால் எண்ணிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

"கட்டையைக் குடு."

"உங்களால எப்படிங்க..."

"குண்டூசித் தலை அளவு இடத்துல ஈயம் வெச்ச கை இது. கல்லுல மாவு தேய்க்கத் தெரியாதா? தண்ணி தெளி. நீ காலை நீட்டிட்டு எனக்கு மேஸ்திரி வேலை பாரு."

பார்க்கிறவர்கள் கண்ணால் பார்த்துத் தேய்ப்பார்கள். அவர் தேய்த்தபடியே தடவிப் பார்த்தார். சொரசொரப்பு இருக்கிற இடத்தில் மட்டும் கை நின்றது. தேறிய இடத்தில் வீணாக ஒரு இழுப்பு கிடையாது. கை பழகிய பிறகும் அவள் ஒன்றரை மணி நேரம் எடுத்த கல்லை அவர் ஒரு மணி நேரத்தில் முடித்தார். வெள்ளிக்கிழமை இரண்டு கட்டைகள், இரண்டு பேர். அவள் காலை நீட்டி உட்கார்ந்தபடியே தேய்த்தாள். சனிக்கிழமை வெயில் ஜன்னலை விட்டு இறங்குகிற நேரம், வாசல் கதவுக்குப் பின்னால் இருந்த கடைசிக் கல்லை அவர் தடவினார்.

"தேறிடுச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீயும்தான்" என்றார்.

ஞாயிறு சரியாகப் பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. முன்னால் வீட்டுக்காரம்மா. பின்னால் சுத்தியலோடு டைல்ஸ்காரர். உள்ளே கால் வைத்த டைல்ஸ்காரர், வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அக்கா! தண்ணி காயலையா?"

"ராத்திரியே காஞ்சு போச்சு. தைரியமா வாங்க."

கூரையில் சுற்றுகிற மின்விசிறி தரைக்குள்ளும் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். விடைத்தாள் திருத்துகிறவர் போல முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு கல்லாக நின்றார். அலமாரியைத் தள்ளச் சொன்னார். கதவைச் சாத்தி அதன் பின்னால் குனிந்து பார்த்தார். அவர் போகும் வரிசைக்கெல்லாம் அவள் நெஞ்சு கூடவே போய் வந்தது. நாற்பத்தாறு. நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.

அந்தம்மா நிமிர்ந்தார். "முகம் தெரியுது."

அவள் மூச்சை விடுவதற்குள் அடுத்த வாக்கியம் வந்தது. "கல்லு இருக்கட்டும். ஆனா இந்த ஜாயிண்ட் மட்டும் பள்ளமா இருக்கு. அதை ரொப்பி மட்டமாக்கிட்டா இன்னும் எடுப்பா இருக்கும். என்ன சொல்றீங்க?"

டைல்ஸ்காரர் தலையாட்டப் போனார்.

"மேடம், தண்ணி குடிக்கறீங்களா?" என்று குறுக்கிட்டது ஒரு குரல்.

அவள் கணவர் எழுந்துவிட்டார். பார்வை போனபின் வீட்டுக்காரம்மா அவரை நாற்காலியில்தான் பார்த்திருக்கிறார். அவர் விறுவிறுவென்று ஜன்னல் வரை போனார், திரும்பினார், சமையலறைக்குள் மறைந்தார். விளிம்பு தட்டும் அளவுக்கு நிறைந்த குவளையோடு வந்து ஒரு சொட்டும் சிந்தாமல் அந்தம்மாவுக்கு எதிரே சரியாக நின்றார். எந்தச் சலுகையும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்தம்மா குவளையை வாங்கிக்கொண்டார். பார்வை அவர் முகத்திலிருந்து மெல்ல இறங்கி, கோட்டின் மேல் ஊன்றியிருந்த கட்டைவிரலில் வந்து நின்றது. ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு குடித்தார்.

"ஜாயிண்ட் இப்படியே இருக்கட்டும்" என்றார். "சுத்தியலைக் கொண்டுபோய் வண்டியில வைங்க."

டைல்ஸ்காரர் வேலை போன வருத்தம் துளியும் இல்லாமல் சிரித்தார். "நான் கொண்டு வர்ற மெஷினே இந்த வழவழப்பு குடுக்காதுக்கா. கையா அது?"

"ஒரு கை என்னோடது. இன்னொண்ணு அவரோடது."

வீட்டுக்காரம்மா வாசல் வரை போய்த் தயங்கித் திரும்பினார். தலைமையாசிரியைக் குரல் பாதியாக இறங்கியிருந்தது. "மாடியில என் தரையும் கொஞ்ச நாளா ஒரு மாதிரி வெளுத்துக் கிடக்கும்மா. நான் வினிகரெல்லாம் ஊத்தறதில்லை. வாசனையா இருக்கட்டும்னு எலுமிச்சம்பழம் நாலு பிழிஞ்சு விடுவேன்."

டைல்ஸ்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நாற்காலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தவருடைய தோள்கள் குலுங்கின. பளிச்சு மட்டும் சிரிக்கவில்லை. வீங்கிய முழங்காலோடு சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"மேல எத்தனை கல்லு மேடம்?"

"அறுபது இருக்கும்."

"இந்த வாரம் முட்டிக்கு லீவு. அடுத்த வாரம் ரெண்டு பேரும் வர்றோம். அதுவரைக்கும் வெறும் தண்ணி. வேற ஒண்ணும் ஊத்தக்கூடாது. சொல்லுங்க, என்ன ஊத்துவீங்க?"

"வெறும் தண்ணி" என்றார் தலைமையாசிரியை.