காத்தமுத்து பேருக்கு ஓதியது

சிப்பிகாட் பண்ணையில் நாற்றுப் பைக்கு மண் நிரப்பும் தினக்கூலி மஜ்தூர் ஒச்சம்மா. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, கல்யாணமாகிக் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவள். பிள்ளை குட்டி கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன் புருஷன் காத்தமுத்து டிங்கிப் படகில் மீன்பிடிக்கப் போனான். அன்று கிளம்பிய காற்றில் டிங்கியும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

அவள் நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை, பூவையும் விடவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பூ வேற கேக்குதாக்கும்" என்றார்கள். விசேஷங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பண்ணையில் சுற்றிலும் இந்தி, வீட்டில் பேச ஆளில்லை. மிச்சமிருந்தது மேட்டுமேல் நாகூர் ஆண்டவர் பேரில் இருக்கும் சின்ன தர்காதான். கடலில் போனவர்களை அவர் கைவிட மாட்டார் என்று நம்புவதில் அந்தக் கரையில் இந்து, முஸ்லிம் பேதமில்லை. வியாழன்தோறும் பத்தியும் சர்க்கரையுமாகப் போவாள்.

ஓதுகிற லெப்பை முதல் நாளே கேட்டார்: "பேரு ஹயாத்தா இருக்கவங்களுக்கா, மவுத்தானவங்களுக்கா?" இருப்பவர்களுக்கு துஆ கேட்பார், இறந்தவர்களுக்கு ஃபாத்திஹா ஓதுவார்.

"இருக்காரு பாய்" என்றாள். ஏழு வருஷமும் அதே பதில்.

போன மாதம் கொழுந்தன் ஜம்புலிங்கம் மெயின்லேண்டிலிருந்து வந்து இறங்கினான்.

"மதினி, ராமேஸ்வரத்துல காரியம் பண்ணிருவோம். நீங்க சரின்னு சொல்லாம, அண்ணன் எள்ளுந்தண்ணியும் இல்லாம அந்தரத்துல தவிக்குது."

கதை சொல்லும் எனக்கே அவன்மேல் கோபம்தான். ஆனாலும் பாவி பொய் சொல்லவில்லையே. செத்திருந்தால் காத்தமுத்து இவள் பிடிவாதத்தால் தவிக்கிறான். உயிரோடிருந்தால் இவளே வாயால் கொல்ல வேண்டும். மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வியாழன் லெப்பை வழக்கம்போல், "காத்தமுத்து சலாமத்தா கரை சேரணும்" என்று கையேந்தினார். ஒச்சம்மா ஆமீன் சொல்லவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

"மவுத்துக்கு ஓதுங்க பாய்."

ஓதினார். நடுவில் வரி தவறி, மறுபடி முதலிலிருந்து ஓதினார். பின்னே, இத்தனை வருஷம் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னவர்கள் இவர்கள் இரண்டு பேர்தானே. முடித்துச் சர்க்கரையை அவள் கையில் போட்டார். அவள் சத்தம் போட்டே அழுதாள்.

ஆறுதலாகத்தான் சொன்னார்: "இனிமே வாராவாரம் இம்புட்டுத் தூரம் அலைய வேணாம்மா. வருஷத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்."

ஒச்சம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப வியாழக்கெழம நான் எங்கிட்டுப் போறது பாய்?"