தண்ணி லாரிப் பாட்டு

மாரெட்பள்ளியில் மூடிக்கிடந்த ஒரு ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்பை என் சித்தியும் அவள் சிநேகிதர்களும் சேர்ந்து பாட்டுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். சித்திக்கு வாரத்தில் ஐந்து நாள் கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை. சனி ஞாயிறு இங்கே. இங்கே முதலாளியும் கிடையாது, சம்பளமும் கிடையாது. தரை கூட்டுவது, மைக் கட்டுவது, வாசலில் நிற்பது எல்லாம் முறைபோட்டுச் செய்தார்கள். சுவரில் யார் வேண்டுமானாலும் படம் வரையலாம். எந்த வயதுக்காரரும் பாடலாம். சத்தம் வெளியே போகாமலிருக்க, டிபன் சென்டர்களில் கெஞ்சி வாங்கிய முட்டை அட்டைகளைக் கூரைவரை ஒட்டியிருந்தார்கள். ஒரு சுவர் முழுக்க நான்தான் ஒட்டினேன் என்று வகுப்பில் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் ஏழு அட்டை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எதிர் பிளாட் சிந்துவும் நானும் ஒரு பாட்டுக் கட்டியிருந்தோம், எங்கள் அபார்ட்மெண்டுக்குச் சொன்ன நாளில் வராத தண்ணி லாரியைப் பற்றி. பாதி தெலுங்கு, பாதி ஹிந்தி, நடுவில் நான் சண்டை போட்டுச் சேர்த்த ஒரே தமிழ் வரி: "லாரி வருமா, வராதா?" அவள் கீபோர்டு, நான் டிரம்ஸ். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் முறை. காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குச்சிகளைக் குளியலறைக்குக்கூட எடுத்துப்போனேன்.

கூடம் நிறைந்திருந்தது. முதல் அடியே நெஞ்சுக்குள் அதிர்ந்தது. அப்புறம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். சிந்துவின் கீபோர்டு கேட்கவில்லையே என்று கண்ணைத் திறந்தால், எதிரே ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு போலீஸ்காரர்.

பக்கத்து வீட்டில் ஆபரேஷன் முடிந்து ஒருவர் படுத்திருக்கிறாராம், புகார் போயிருக்கிறது. "ஓனர் எவரு?" என்று தெலுங்கில் கேட்டார்.

ஓனர் என்று ஒருவர் இருந்தால்தானே! சித்தி முன்னால் வந்து, "நேனே சார்" என்றாள், நான்தான் என்று. அவள் முடிப்பதற்குள் பச்சைத் தலைமுடி அண்ணன் ஒருவர், "நேனு கூடா." நானும்தான். கணக்கு டீச்சர் ஒருத்தி கை தூக்கினாள். சுவரில் வரைந்துகொண்டிருந்தவர் பிரஷோடு தூக்கினார். போலீஸ்காரர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பிக் களைத்துப்போனார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படியொரு விளையாட்டை நான் பார்த்ததே இல்லை. இரண்டு குச்சிகளையும் உயர்த்தி, "நேனு கூடா சார்! ஃபோர்த் கிளாஸ், பி செக்‌ஷன்!" என்று கத்தினேன்.

கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து, கை தூக்கியவர்களின் பெயர், போன் நம்பர், வேலை பார்க்கும் இடம் எல்லாம் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்றார். பின்பக்க ஜன்னலைத் தானே சாத்திவிட்டு, பிள்ளைகள் பாட்டை மட்டும் முடித்துக்கொள்ளுங்கள், மெதுவாக, என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்தி டிரம்ஸ்மேல் துண்டுகளை விரித்தாள். நான் விரல்களால் தட்ட ஆரம்பித்தேன். "லாரி வருமா" வந்ததும் அத்தனை பேரும், தமிழே தெரியாதவர்கள்கூட, ரகசியம் பேசுவதுபோலக் கூடவே பாடினார்கள். விசில் அடிக்கப்போகும் குக்கர்போலக் கூடம் முழுக்க ஒரு சத்தம். பாட்டு முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. எல்லாக் கைகளும் மேலே உயர்ந்து ஆடின. சிந்து என் தோளைக் கடித்தேவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். அந்தச் சந்தோஷம் மறுபடி வந்ததில்லை.

திங்கட்கிழமை எல்லோரையும் எச்சரித்து அனுப்பினார்களாம். பின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்த பிறகு கூடம் மறுபடி நடந்தது. அதெல்லாம் பின்னால்.

அன்று வீடு திரும்பும்போது ஸ்கூட்டரில் சித்தியைத் துளைத்தெடுத்தேன். எல்லார் பெயரையும் எழுதினவர் என் பெயரை மட்டும் ஏன் எழுதவில்லை? நானும்தானே கை தூக்கினேன்?

சித்தி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பு நடுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

"நோட்டு விஷயம் அம்மாகிட்ட நக்கோடி, சொல்லிடாதே, சரியா?" என்றாள்.

பெயர் விட்டுப்போன அவமானம் வீட்டுக்குத் தெரியவேண்டாம் என்றுதான் சொல்கிறாள், எவ்வளவு நல்ல சித்தி என்று நினைத்துக்கொண்டு, பெரிய மனசோடு தலையாட்டினேன்.