வளையல்காரன் வேஷம்

ஏஜெண்டு கருத்தக்கண்ணன் பரவைக்குத் தேடி வந்தபோது ஷேக் தாவூது வெற்றிலைக் கொடிக்காலில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, வாய்க்கால் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொடிகளுக்கு வீசிக்கொண்டிருந்தான். வந்தவன் வரப்பை விட்டு இறங்கவில்லை. புதுச்செருப்பு.

“என்ன ராவுத்தரே, வெத்தலைக்கெல்லாம் பாட்டுப் பாடித்தான் தண்ணி காட்டுறீகளா?”

“வெத்தலைக்குக் காது இல்ல. அதான் இங்க கெடக்கேன். என்ன சோலியா வந்தீரு?”

நாடக ஏஜெண்டு ஒருத்தன் அவனைத் தேடி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் நிலைமை வேறு. மதுரையைச் சுற்றி எந்த ஊரில் திருவிழா என்றாலும் நோட்டீசில் ராஜபார்ட் ஷேக் தாவூது என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். திரைக்கு உள்ளே நின்று அஞ்சு கட்டைச் சுருதியில் முதல் அடியை எடுத்தானென்றால், கடைசி வரிசையில் சுக்குக் காப்பி விற்கிறவன் தூக்கைக் கீழே வைத்துவிடுவான். காஜிமார் தெருவில் அவன் அத்தாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. தொழுகைக்குப் போகிற வழியில் மகன் பேர் சுவரில் ஒட்டியிருந்தால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார்.

கெடுத்தது அந்த அஞ்சு கட்டைதான். மாசி பங்குனியில் தொடர்ந்து எட்டு நாள், பத்து நாள் வேஷம் கட்ட வேண்டியிருக்கும். தொண்டை கிழிந்து போகும். அந்த நாளில் யாரோ ஒரு புண்ணியவான் மிளகு அளவு அபினை உருட்டிக் கொடுத்து, இதைப் போடு, தொண்டை திறக்கும் என்றான். திறந்தது. மிளகு அளவு என்பது சுண்டைக்காய் அளவாக ஆறு வருஷம் ஆனது. கடைசியில் அவன் பாடுவதற்காக அபின் தின்றானா, அபினுக்காகப் பாடினானா என்று அவனுக்கே தெரியவில்லை.

திருப்பரங்குன்றத்தில் ஒரு நாடகம். அவன் ராஜா, சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஸ்திரீபார்ட் ரெங்கம்மாள் எதிரே நின்று நியாயம் கேட்டுப் பாடுகிறாள். ராஜா தூங்கிவிட்டான். கிரீடம் சரிந்து மூக்கில் தொங்குகிறது. ரெங்கம்மாள் பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடிப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் வந்து உலுக்கினாள். ஜனம் சாணியை எடுத்து எறிந்தது. ராஜா மேல் விழவேண்டிய சாணி அவள் மேல் விழுந்தது. அப்படியே நின்று தனியாகப் பாடி நாடகத்தை முடித்தாள். மறுநாள் மதியம் முழிப்பு வந்தபோதுதான் இதெல்லாம் தாவூதுக்குத் தெரியும்.

அதன் பிறகு ஒரு ஏஜெண்டும் அவன் வாசலை மிதிக்கவில்லை. பெண்டாட்டி மைதீன் பீவிதான் அவனைப் பரவையில் இருந்த தன் அண்ணன் சேக் இஸ்மாயிலின் கொடிக்காலுக்கு இழுத்து வந்தாள். அபினை நிறுத்திய அந்த நாற்பது நாளைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. வயிறு தண்ணியாகப் போனது. கால் எலும்பை யாரோ திருகாணி போட்டுத் திருகுகிற மாதிரி வலித்தது. ஓயாமல் கொட்டாவி. தாடை கழன்று விழுமோ என்கிற மாதிரிக் கொட்டாவி. மைதீன் பீவி அவன் கால்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். வலியும் போச்சு, கொட்டாவியும் போச்சு. ஆனால் போன தெம்பு முழுசாகத் திரும்பவே இல்லை. நாற்பத்திரண்டு வயசில் எழுபது வயசுக்காரன் மாதிரி எழுந்திருப்பான்.

கருத்தக்கண்ணன் விஷயத்தைச் சொன்னான். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில் நாளைக்கு நாடகம். பேசி வைத்த ராஜபார்ட்டுக்கு அம்மை போட்டுவிட்டது. பங்குனி மாசம், கைவசம் வேறு ஆள் கிடையாது.

“ஆள் கெடச்சிருந்தா உம்மகிட்ட வந்திருக்க மாட்டேன். ஒளிவு மறைவு எதுக்கு? விடியிற வரைக்கும் நின்னுட்டீருன்னா சித்திரை முச்சூடும் தேதி தாரேன். நடுவுல சாஞ்சீருன்னா, நீரும் கொடிக்காலும்தான். செத்தாலும் எட்டிப் பாக்க மாட்டேன்.”

“ஸ்திரீபார்ட் யாரு?”

கருத்தக்கண்ணன் வாய்க்காலைப் பார்த்தான். “ரெங்கம்மாதான்.”

“அது எங்கூட நிக்குமா?”

“நீர்தான்னு இன்னும் சொல்லல.”

வீட்டில் மைதீன் பீவி கேட்டுக்கொண்டே உலையை இறக்கினாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சொன்னாள்: “போறதுன்னா போங்க. மறுபடி ஒங்க கால்மேல ஏறி உக்கார எனக்குத் தெம்பு இல்ல. அம்புட்டுத்தான் சொல்லுவேன்.”

“போக வேணாம்கிறியா?”

“வெத்தலைக்குத் தண்ணி வீசுற ஆளு மாதிரியா இருக்கீக? தூக்கத்துலயும் வாய் அசையுது. போய்ட்டு வாங்க.” பிறகு, “அந்தப் பொம்பளகிட்ட முன்னாடியே ரெண்டு வார்த்தை பேசிருங்க. மானத்த வாங்கிரப் போகுது,” என்றாள்.

அது நடக்காத காரியம். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவான், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவாள், மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்கிறவனை நடிகன் என்றே சேர்க்க மாட்டார்கள்.

நாளைய கதையும் வசமான கதையில்லை. நாடிழந்த ராஜா வளையல்காரன் வேஷத்தில் தன் ராணியிடமே வருவான். அவளோடு தர்க்கம் நடக்கும். அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி ஜெயித்தால்தான் வளையல் போடக் கையை நீட்டுவாள். கையைப் பிடித்த விதத்தில் புருஷன் என்று கண்டுகொள்வாள், கதை முடியும். என்ன கேள்வி கேட்பது என்பது ஸ்திரீபார்ட்டின் இஷ்டம். வானத்தில் நட்சத்திரம் எத்தனை என்றும் கேட்கலாம், உங்கப்பன் பேர் என்ன என்றும் கேட்கலாம். பதில் வராதவன் தோற்றவன்.

மறுநாள் ஓலைக் கொட்டகைக்குள் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தபோது ரெங்கம்மாள் வந்தாள். இவனைப் பார்த்தாள். கருத்தக்கண்ணனைப் பார்த்தாள். “ஓஹோ” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கண்ணாடியைத் திருப்பி வைத்து மை எழுத உட்கார்ந்தாள்.

ஆர்மோனியக்காரர் சோலை பழைய சிநேகிதர். காதோரம் குனிந்தார். “மாப்ள, மடியில கொஞ்சம் வச்சிருக்கேன். ஒரே ஒரு மிளகு. தொண்டைக்கு மட்டும்.”

தாவூதின் வாயில் எச்சில் ஊறியது. மூன்று வருஷம் ஆகியும் ஊறியது. வேண்டாம் என்று சொல்வதற்கே ஒரு ஆள் பலம் வேண்டியிருந்தது. “வேணாம் மாமா. முடிஞ்சா அரைக் கட்டை கொறச்சுப் பிடிங்க.”

“ராஜபார்ட்டுக்குக் கொறச்சா ஜனம் சும்மா விடாதுடா.”

ஜனம் விடவில்லை. அவன் திரைக்குள் நின்று முதல் அடியை எடுத்ததுமே, “யாருப்பா அது, கெணத்துக்குள்ள இருந்து பாடுறது?” என்று ஒரு குரல் கேட்டது. வெளியே வந்ததும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். “அடேய், தூங்குற ராஜாடா! பாய் தலகாணி போடுங்கப்பா!” தாவூது பாடினான். உச்சத்துக்குப் போகிற இடத்தில் போகாமல் வளைத்துத் திருப்பிக்கொண்டான். நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. கால் நரம்பு இழுத்தது. தன் காட்சி இல்லாத நேரத்திலும் உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயம். கொட்டகை மூங்கிலைப் பிடித்துக்கொண்டே நின்றான். ரெங்கம்மாள் தன் பாட்டைச் சுத்தமாகப் பாடினாள், வசனத்தைச் சுத்தமாகப் பேசினாள், அவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. இவன் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி அங்கே பார்த்துப் பேசினாள்.

வளையல்காரன் காட்சி வரும்போது கிழக்கே வெளுத்துவிட்டது. காஸ் லைட்டை அணைத்தார்கள். ஆம்பளைகள் பாதிப் பேர் மாடு கன்றைப் பார்க்கப் போய்விட்டார்கள், பெண்டுகள்தான் அசையாமல் இருந்தார்கள். தாவூது வளையல் மூட்டையோடு வந்து நின்றான். வேதத்திலிருந்தும் புராணத்திலிருந்தும் என்ன கேட்டாலும் சொல்ல நாற்பது ஐம்பது பதில் அவனிடம் எப்போதும் கைவசம் உண்டு. ராத்திரி முழுக்க அவற்றைத்தான் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தான்.

ரெங்கம்மாள் அப்போதுதான் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“வளையல்காரரே, ஊரு ஊராப் போறவரு நீரு. ஒரு நியாயம் சொல்லும். ஒரு ராணி சபையில நின்னு வழக்குச் சொல்லுறா. ராஜா தூங்கிட்டாரு. அவருக்கு என்ன தண்டனை?”

பெண்டுகள் பக்கம் ‘ஹோ’வென்று சிரிப்பு. “அப்படிக் கேளு தாயி!” என்று ஒரு கிழவி கத்தினாள். சோலை ஆர்மோனியத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து, பாடித் தப்பித்துக்கொள் என்கிற மாதிரி நீட்டினார். தாவூது பாட வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. பேசினான்.

“தண்டனை ஆயிருச்சு தாயே. நாட்டைப் பிடுங்கியாச்சு. மூணு வருஷமாச் சேத்துல நின்னு தண்ணி எறைக்கிறாரு.”

ஜனம் கைதட்டியது. நல்ல பதில்தான். ரெங்கம்மாள் அசையவில்லை.

“அது அவரு வயித்துக்கு எறச்ச தண்ணி. சாணி விழுந்தது ராணி மேல. அவளுக்கு அவரு என்ன செஞ்சாரு? ஒரு வார்த்தை வந்து கேட்டாரா?”

இப்போது கேட்பது ராணியில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. தாவூது தேடினான். நாற்பது ஐம்பது பதிலில் இதற்கு ஒன்றுகூட இல்லை. போய்க் கேட்டிருக்கலாம். பரவையிலிருந்து மதுரையில் அவள் வீடு ஒரு நடை தூரம்தான். முதல் வருஷம் உடம்பு முடியவில்லை, இரண்டாம் வருஷம் போய் நிற்க முகம் இல்லை, மூன்றாம் வருஷம் அவள் மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். இதை எந்த ராகத்தில் பாடுவது?

“பதில் இல்ல,” என்றான். “தோத்தேன்.”

சோலையின் கை ஆர்மோனியக் கட்டையிலிருந்து நழுவிவிட்டது. ராஜபார்ட் தோற்றேன் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. ராஜா தோற்றால் ராணி கையை நீட்ட முடியாது. கை நீட்டாவிட்டால் கதை முடியாது. ஓரத்தில் கருத்தக்கண்ணன் தலையில் கை வைத்தான். “மாத்திச் சொல்லுமய்யா! ஏதாச்சும் சொல்லும்!”

தாவூது மாற்றிச் சொல்லவில்லை. தெம்பு இல்லை, மனசும் இல்லை. வளையல் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றான். விரட்டினால் போய்விடலாம் என்று இருந்தது.

ரெங்கம்மாள் ரொம்ப நேரம் நிற்கவிட்டாள். ஒரு குழந்தை அழுது, அதன் தாய் அதட்டி, அது ஓய்கிற வரை நிற்கவிட்டாள். பிறகு, “தோத்தவரு சும்மா போகக்கூடாது. போட்டுட்டுப் போங்க,” என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

அவன் குந்தி உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தான். அழுத்தியதில் இரண்டு வளையல் உடைந்தது. மூன்றாவதைத்தான் மணிக்கட்டுத் தாண்ட வைக்க முடிந்தது. “இந்தக் கையை எனக்குத் தெரியும்,” என்று ராணியின் வசனத்தை ரெங்கம்மாள் ராகமில்லாமல், சந்தையில் பேசுகிற மாதிரிச் சொன்னாள். சோலை மங்களத்தை எடுத்தார்.

கொட்டகைக்குப் பின்னால் தாவூது தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். இனிக் கொடிக்கால்தான் என்று முடிவே கட்டிவிட்டான். கருத்தக்கண்ணன் வெற்றிலைத் தட்டோடு வந்தான்.

“ஏன்யா, ராஜபார்ட் தோக்கலாமா? எந்த ஊர்லய்யா உண்டு? ஆனா பொம்பளைக பூராவும் அழுதுருச்சுக. பக்கத்து ஊர்க்காரன் சித்திரைக்கு இதே ஜோடி வேணும்கிறான். இதே மாதிரித் தோக்கணுமாம். அச்சாரம் கொடுத்துட்டான்.”

“நான் கேக்க மாட்டேன்,” என்றாள் ரெங்கம்மாள், தன் பெட்டியைக் கட்டிக்கொண்டே. “அது ஒரு தடவை கேக்குற கேள்வி. கேட்டாச்சு.” தாவூதைப் பார்த்து, “அடுத்த தடவை புராணத்துல இருந்துதான் கேப்பேன் ராவுத்தரே. படிச்சுட்டு வாரும்,” என்றாள்.

கருத்தக்கண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப ஊர்க்காரன்கிட்ட என்னத்தச் சொல்ல?”

“தோக்குறதுக்கு வர மாட்டேன்,” என்றான் தாவூது. “பாடுறதுக்குன்னா வாரேன். நாலரைக் கட்டை. அதுக்கு மேல ஏறாது. ஏறும்னு பொய் சொல்லி நோட்டீஸ் போடாதீரு.”

“நாலரைக் கட்டையில ராஜபார்ட்டா!” ஏஜெண்டு காறித் துப்பினான். பிறகு அச்சார வெற்றிலையை அவன் பக்கம் தள்ளிவிட்டு, வண்டிக்காரனைக் கூப்பிடப் போனான்.

தாவூது ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினான். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. சோலை வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.