உள்ளங்கை திரும்பவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா காபி டம்ளரை வாங்க இடது கையை நீட்டினாள்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? சரோஜா அக்காவை உங்களுக்குத் தெரியாது. பீச்சாங்கையால் மிட்டாய் வாங்கினாலே பிள்ளைகளின் முதுகில் ஒன்று வைக்கிறவள். அவளே இப்படி நீட்டினால்... என் மனைவி டம்ளரைக் கொடுக்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"வலது கை திரும்ப மாட்டேங்குது கண்ணு" என்றாள் அக்கா, ரொம்பச் சாதாரணமாக.

விசாரித்தால், ஒன்றரை மாதமாக இப்படியாம்! தொண்டாமுத்தூரில் அவர்கள் வீட்டில் இட்லிக்கு மாவு ஆட்டும்போது கிரைண்டர் ஷாக் அடித்திருக்கிறது. ஈரத் தரை, ஈரக் கை. உடம்பை ஒரு முறுக்கு முறுக்கித் தூக்கிப் போட்டதாம்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, உடனே கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். அதில் குறை சொல்ல முடியாது. எலும்பு முறியவில்லை, சதைப்பிடிப்புதான் என்று தைலம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றோடு வலி தீர்ந்துவிட்டது — அக்காவுக்கல்ல, வீட்டில் மற்ற எல்லோருக்கும்.

"எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லீங்க மாப்ள. வேலை செய்யாம வெச்சிருந்தா கை இறுகித்தான் போகும்" என்றார் கூட வந்திருந்த மாமா. கெட்ட மனிதரல்ல. ரிப்போர்ட் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்று நினைக்கிறவர். நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே?

"தலை வாரக்கூட முடியறதில்லீங்க..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அதான் தைலம் தேய்ச்சு உடறனல்ல?" என்று மாமா முடித்துவிட்டார்.

மறுநாள் இருவரையும் வற்புறுத்தி, எனக்குத் தெரிந்த ஓர் எலும்பு டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். மாமா எக்ஸ்ரே கவரை நீட்டினார். டாக்டரம்மா அதைப் பிரிக்கக்கூட இல்லை. மேஜை ஓரமாக வைத்துவிட்டு அக்காவை ஸ்டூலில் உட்காரச் சொன்னார்.

"ரெண்டு முழங்கையையும் மடக்கி இடுப்போட ஒட்டி வைங்கம்மா. இப்ப ஜன்னல் கதவைத் திறக்கிற மாதிரி கையை வெளிப்பக்கம் திறங்க."

இடது கை அழகாகத் திறந்தது. வலது கை வயிற்றைவிட்டு நகரவே இல்லை. டாக்டரம்மா மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். அக்கா பல்லைக் கடித்தாள். தாழ்ப்பாள் போட்டது போல் கை அங்கேயே நின்றது.

"சரி. ரெண்டு கையையும் முன்னால நீட்டி, திருநீறு வாங்கற மாதிரி உள்ளங்கையை மேலே காட்டுங்க."

இடது உள்ளங்கை மேலே பார்த்தது. வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "சார், நீங்க இங்க வாங்க" என்று மாமாவைக் கூப்பிட்டார். "இடது தோளுக்குப் பின்னால தொட்டுப் பாருங்க. ம்... இப்ப வலது."

மாமா தொட்டார். தொட்ட வேகத்தில், சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.

"ஏதோ உருண்டையா முட்டிக்கிட்டு இருக்குதுங்க!"

"அதுதாங்க கை எலும்போட பந்து. தோள் கிண்ணத்துல இருக்க வேண்டியது. நழுவிப் பின்னால போய் மாட்டிக்கிச்சு."

கரன்ட் பாயும்போது தசையெல்லாம் ஒரேயடியாக இறுகுமாம். அந்த இழுப்பிலேயே மூட்டு பின்பக்கம் விலகிவிடுமாம். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியுமாம். பக்கவாட்டில் வேறொன்று எடுத்தார்கள். டாக்டரம்மா கையால் பார்த்துச் சொன்னது அப்படியே அதில் இருந்தது.

விலகிப்போன மூட்டோடா இந்த மனுஷி ஒன்றரை மாதம் சாணி அள்ளினாள்? துணி துவைத்தாள்? அதே கிரைண்டரில் மாவு ஆட்டினாள்?

"ஏனுங்க டாக்டரம்மா, இழுத்துக் கட்டினா சரியாகாதுங்களா?" என்று கேட்டார் மாமா.

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா இழுத்து உட்கார வெச்சிருக்கலாங்க. இப்ப ஆபரேஷன்தான்."

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. பந்தைக் கிண்ணத்தில் பொருத்திவிட்டார்கள். கை பழையபடி முழுசாகத் தூக்க வருமா என்பது போகப் போகத்தான் தெரியுமாம்.

மாமா கட்டிலோரம் உட்கார்ந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வலியை எப்படித்தான் பொறுத்தியோ அம்மணி... வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமல்ல?"

"சொல்லிக்கிட்டேதானுங்களே இருந்தேன்" என்றாள் அக்கா.

அதில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் திக்கென்றது. மாமா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மனைவியிடம் கேட்டேன்: "போன வாரம் இடுப்பு வலின்னியே, இப்ப எப்படி இருக்கு?"

"போன வாரமுங்களா? அது பொங்கலுக்கு முன்னாடி இருந்தே இருக்குதுங்க!"