கை காஞ்சிருக்கா?

“கை காஞ்சிருக்கா?”

எந்த அழைப்பிலும் அவர் முதலில் கேட்பது இதுதான். அன்று பதில் சொன்னது ஒரு சிறுமியின் குரல்.

“துடைச்சுட்டேன் அங்கிள். சட்டையில.”

“சட்டை காஞ்சிருக்கா?”

“பாதி காஞ்சிருக்கு.”

வீட்டுச் சாதனங்களின் அடியில் உதவிக்கு ஒரு தொலைபேசி எண் ஒட்டியிருக்குமல்லவா? அதில் பேசுகிறவர் அவர். தண்ணீர், காப்பி, பால் என்று எது கொட்டினாலும் அந்த அழைப்பு அவர் மேசைக்குத்தான் வரும். அவர் பார்த்துச் சொல்ல வேண்டிய வாசகங்கள் கணினித் திரையில் தெரியும். தலைமை அலுவலகத்தின் மொழியிலிருந்து அவற்றைத் தமிழாக்குவது என் வேலை. அவை எப்படிப் போகின்றன என்று அறிய, மாதத்தில் ஒரு நாள் இரண்டாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருவேன். அதில் கேட்கலாம், பேச முடியாது.

“என்ன கொட்டிச்சு கண்ணு?”

“தண்ணி.”

“என்ன கலர் தண்ணி?”

“ஆரஞ்சுக் கலர்.”

“எதுமேல கொட்டிச்சு?”

“பாட்டு ஸ்பீக்கர் மேல. அப்பாவோடது. அப்பா வர்றதுக்குள்ள சரியாயிடுமா?”

“பாக்கலாம். வீட்டுல பெரியவங்க யாரு இருக்கா?”

“யாருமில்ல. அம்மா அஞ்சு மணிக்கு வருவாங்க.”

“ஸ்பீக்கர் வயரு சுவத்துல மாட்டியிருக்கா?”

“ஆமா. பாடுது. வாய்ல தண்ணி வெச்சுக்கிட்டுப் பாடுற மாதிரி பாடுது.”

அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். திரையில் என் வாசகம் இருந்தது: ‘சாதனத்தை உடனே அணைக்கவும்.’ திரையில் உள்ள சொற்களை மாற்றாமல் பேசுகிறார்களா என்று அங்கே மதிப்பெண் போடுவார்கள்.

“கண்ணு, அத உடனே அணைச்சுடு.”

“சரி.”

ஏதோ இழுபடும் ஓசை கேட்டது.

“அணைச்சிட்டியா?”

“அணைச்சிட்டேன்.”

பாட்டு நிற்கவில்லை. முன்பைவிடப் பக்கத்தில் கேட்டது.

“நல்லா அணைச்சிட்டியா?”

“நல்லா இறுக்கி அணைச்சிட்டேன் அங்கிள். சட்டையெல்லாம் ஒட்டுது.”

அவர் கத்தவில்லை. குரல் இன்னும் தாழ்ந்தது. “கண்ணு, பயப்படாத. மெதுவா வெச்சுடு.”

இணைப்பு அறுந்தது. எதை வைக்கச் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள்.

அவர் அந்த எண்ணைத் திரும்ப அழைத்தார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

அலுவலகத்தில் அவருக்கு ‘ஈரக்கை அண்ணன்’ என்று பெயர். ஐம்பதை நெருங்கும் ஒல்லியான மனிதர். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருப்பார். பையில் இரண்டு கைக்குட்டைகள், ஒன்று முகத்துக்கு, ஒன்று கைக்கு. இரண்டையும் மாற்றி எடுத்து நான் பார்த்ததில்லை. அவருடைய தண்ணீர் பாட்டில் தாழ்வாரத்தின் கடைசி ஜன்னலில் இருக்கும். தாகம் எடுத்தால் அவ்வளவு தூரம் நடந்துபோய், நின்றபடி குடித்து, வாயைத் துடைத்து, கையைத் துடைத்து, திரும்பி வந்து உட்காருவார்.

பக்கத்து மேசைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒருநாள் அவருடைய கீபோர்டின்மேல் ஒரு டம்ளரை வைத்துவிட்டார்கள். அவர் அதைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணே, அது காலி டம்ளர்ண்ணே.”

“காலி டம்ளர்லயும் ஒரு சொட்டு இருக்கும்ப்பா. வெச்சவன் வந்து எடு. நான் இங்கயே நிக்கறேன், எனக்கென்ன, சம்பளம் ஓடுது.”

வைத்தவனே வந்து எடுக்கும்வரை உட்காரவில்லை.

அவருடைய மனைவியை ஒருமுறை அலுவலக விழாவில் பார்த்தேன். கேட்காமலே சொன்னார்: “எங்க வீட்டுல சமையலறை வாசலத் தாண்டி ஒரு டம்ளர் வரக் கூடாது. விருந்தாளி வந்தாலும் அங்கயே நிக்க வெச்சுக் குடிக்கச் சொல்வார். தூறல் போட்டா போதும், மெயின ஆஃப் பண்ணிட்டு உக்காந்துடுவார். நான் இருட்டுல இவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரணும்.”

“இருட்டுல எங்க தெரியுது?” என்றார் இவர்.

“அது ஒண்ணுதான் நிம்மதி.”

அழைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் ‘தண்ணிதான்’ என்பார்கள். என்ன கலர் என்று கேட்டதும் ஒரு மௌனம் வரும், அதற்குப் பின் காப்பியோ மருந்தோ வெளியே வரும். “தண்ணின்னா காஞ்சு போயிடும். சர்க்கரைன்னா உள்ள உக்காந்துக்கிட்டுப் போகமாட்டேங்கும். அதுக்குத்தான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க” என்பார். நனைந்த போனை அரிசிக்குள் புதைத்ததாகச் சொன்னால், “அரிசிய எடுத்து உலையில போடுங்க, போன எடுத்து வெளிய வைங்க” என்பார். உடனே போட்டுப் பார்க்கத் துடிப்பவர்களிடம், “ரெண்டு நாள் அதத் திரும்பிக்கூடப் பாக்காதீங்க. கோவிச்சுக்கிட்டுப் போன மாப்பிள்ளை மாதிரி. கூப்பிடக் கூப்பிட முறுக்கிக்கும்” என்பார்.

ஆனால் அவர்கள் சுவிட்சை நோக்கி நடக்கும்போது அவரிடம் சிரிப்பு இருக்காது. “சத்தமா எண்ணிக்கிட்டே போங்க” என்று கேட்டுக்கொள்வார். என்ன விளையாட்டு என்று சிலர் சிரிப்பார்கள். “சிரிச்சுக்கிட்டே எண்ணுங்க. எண்ணாம மட்டும் போகாதீங்க.” அவர்கள் எண்ணி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

எதற்கு இது என்று நானும் கேட்டிருக்கிறேன். “பொருள் போனா போகட்டும்மா. இதுல எனக்கு வர்றது சத்தம் மட்டும்தான். சத்தம் நின்னுடுச்சுன்னா அங்க என்ன ஆச்சுன்னு நான் யாரக் கேப்பேன்? போன வாரம் பேசினவங்கள்ல யார் யார் நல்லா இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது.”

அன்று இரண்டாவது முறையும் மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறையும் அப்படியே. அவர் கைக்குட்டையால் கையைத் துடைத்தார். அது நனைந்ததும் முகத்துக்கானதை எடுத்து அதிலும் கையைத் துடைத்தார். மாற்றி எடுத்து நான் பார்த்தது அப்போதுதான். எனக்கு என் வாசகத்தைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. முன்பு அந்த இடத்தில் ‘ஆஃப்’ என்றுதான் இருந்தது. நல்ல தமிழ் என்று அதை எடுத்துவிட்டு ‘அணைக்கவும்’ என்று போட்டவள் நான். எழுதியபோது விளக்கை நினைத்தேன். இறுக்கிக் கட்டிக்கொள்ளும் குழந்தையை நினைக்கவில்லை.

நான்காவது முறை எடுத்தாள். அவளுக்கு முன்னால் பாட்டுதான் எங்கள் காதுக்கு வந்தது.

“அங்கிள், போன வெச்சுட்டேன். நீங்க சொன்னீங்கல்ல?”

“நல்ல பொண்ணு. ஸ்பீக்கர் எங்க இருக்கு?”

“என்கிட்டதான். அணைச்சிருக்கேன். கையெல்லாம் குறுகுறுங்குது.”

அவர் உதடு ஒரு சொல்லுக்குப் போய்த் திரும்பியது. இன்னொன்றுக்குப் போய் அதையும் விட்டது. திரையைப் பார்க்கவே இல்லை.

“கண்ணு, அதக் கீழ போடு.”

“போட்டா உடைஞ்சுடும்.”

“உடையட்டும்.”

“அப்பா திட்டுவாரு.”

“அந்த அங்கிள்தான் உடைச்சாருன்னு சொல்லு. கைய எடு, கீழ போடு.”

பெரிய சத்தம் கேட்டது. பாட்டு நின்றது. அவர் மூச்சுவிடவில்லை.

“உடைஞ்சுடுச்சு அங்கிள்.” அவள் அழுதாள்.

“அழு, பரவாயில்ல. அதத் தொடாத, வயரையும் தொடாத. போன் அப்படியே கிடக்கட்டும். சத்தமா எண்ணிக்கிட்டே கதவத் திறந்து, பக்கத்து வீட்டு ஆன்ட்டியக் கூப்பிடு.”

அழுகையும் எண்ணிக்கையுமாகக் குரல் தூரம் போனது. ஒன்பது. பத்து. பதினொன்று. கதவு திறந்தது, “ஏன்டி, சட்டை ஏன் இப்படி இருக்கு?” என்று ஒரு பெண்ணின் குரல் கேட்டது. அப்போதுதான் அவர் உட்கார்ந்தார்.

நான்கு நாள் கழித்து அந்தத் தகப்பனாரிடமிருந்து புகார் வந்தது. உதவி கேட்ட எட்டு வயதுக் குழந்தையிடம், நல்ல ஸ்பீக்கரைத் தரையில் போட்டு உடைக்கச் சொன்னார் உங்கள் ஊழியர் என்று. மேலாளர் அந்தக் கடைசி அழைப்பை மட்டும் போட்டுக் கேட்டார். அதில் அவர் ‘உடையட்டும்’ என்பது தெளிவாகக் கேட்டது. இரண்டு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

அதற்குள் திரையில் இருந்த அந்த வாசகத்தை நான் மாற்றிவிட்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம் மட்டும் காட்டினேன். முதலில் நான் எழுதிப் பார்த்த சொற்களை அவர்தான் தள்ளினார். “நிறுத்துன்னா நிக்க வெச்சுடும். அமத்துன்னா உக்கார வெச்சுடும். குழந்தைங்க சொன்னதச் செய்யும்மா, அதான் பயமே. பழையபடி ஆஃபுன்னே போடுங்க.” இன்றும் அங்கே அப்படித்தான் இருக்கிறது. அவரும் அதே மேசையில்தான் இருக்கிறார்.

கெடு முடிகிற நாள் மத்தியானம், ஒருபோதும் என் இருக்கைப் பக்கம் வராதவர் ஒரு வெள்ளைத் தாளோடு வந்து நின்றார். என் மேசையில் தண்ணீர் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பின்தான் கிட்டே வந்தார்.

“எனக்கு எழுத வராதும்மா. பேசத்தான் தெரியும். நீங்க எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்.”

முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன், அணைக்கச் சொன்னது நான் எழுதிக் கொடுத்ததால்தான் என்பதையும் எழுதிவிடுகிறேன் என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணைக் கையால் துடைத்துக்கொண்டேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“எல்லாத்தையும் எழுதுங்க. ஜூஸ எழுதுங்க, பாட்ட எழுதுங்க, நான் உடைக்கச் சொன்னத எழுதுங்க. அந்த ஒரு வார்த்தைய மட்டும் எழுதாதீங்கம்மா. நீங்க சேந்து ஆறு மாசம்கூட ஆகல. எனக்குப் பயம் பழகிப் போச்சு, உங்களுக்கு இன்னும் பழகல.”

தாளை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. என் கையைப் பார்த்தார். பையிலிருந்து மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து, முதலில் அதை என்னிடம் நீட்டினார்.