விஜயலெட்சுமியை மிஷின் சுட்ட கதை

தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், விஜயலெட்சுமியை எக்ஸ்ரே மிஷின் சுட்டுவிட்டது என்று. தோட்டத்து லய வீடுகளில் கரண்ட் போனால் அவள் வீட்டுக்கு மட்டும் விளக்கு வேண்டாமாம், விலா எலும்பே மினுங்குமாம். எங்கள் ஊர் வாய்க்கு இதெல்லாம் வெற்றிலை மாதிரி. நடந்ததை நான் சொல்கிறேன். அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை ஓட்டோவில் ஏற்றிப் போனவன் நான்தான். உள்ளே கூப்பிட்டு வடையும் கொடுத்தார்கள்.

விஜயலெட்சுமி பதுளை டவுனில், இப்போது மூடிவிட்ட ஒரு தனியார் எக்ஸ்ரே இடத்தில் வேலை செய்தவள். சேரும்போது சின்னப் பெண். தோட்டத்திலிருந்து இருமும் பிள்ளைகளைத் தூக்கி வரும் தாய்மார் மிஷினைக் கண்டதும் கதவோடு நின்றுவிடுவார்கள். பிள்ளை ஆடினால் படம் விழாது. அதனால் இவளே பிடித்துக்கொண்டு நிற்பாள். கதிரைத் தடுக்கும் ஈயம் வைத்த அங்கி அங்கே ஒன்றுதான். உள்ளே வரத் துணிந்தவள் வயிற்றுப்பிள்ளைக்காரி என்றால் அங்கி அவளுக்குப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் இவள் மேல் கொஞ்சூண்டு கதிர். கண்ணுக்கும் தெரியாது, சுடவும் செய்யாது.

போன வருடம் இடது மார்பில் கட்டி. வெட்டி எடுத்து, மருந்து ஏற்றினார்கள். கொட்டிய முடி கோழிக்குஞ்சு மாதிரி மறுபடி முளைத்தது. இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்த டாக்டரம்மா, மகள் துஷாந்தினியும் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். "கல்யாணம் முடியட்டும்மா, பாப்போம்" என்று மகள் தள்ளிப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு விஜயலெட்சுமி அழுததை யாரும் பார்க்கவில்லை, சிரித்ததையும் பார்க்கவில்லை. என் பகிடிக்கு மற்றவர்கள் சும்மாவாவது திட்டுவார்கள். அவள் மழையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாப்பிள்ளை தயாபரன், வெலிமடையில் மரக்கறி லொறி ஓட்டுபவன். அவனும் துஷாந்தினியும் போனிலேயே பேசி முடித்தவர்கள். மிச்சம் அவன் அம்மா பெரியாயியின் சம்மதம்தான்.

ஓட்டோவில் பெரியாயி முன்னால் குனிந்து கேட்டாள். "ஏன் தம்பி, பொண்ணோட அம்மாவுக்கு அந்த நோவாமே?"

"மிஷின் சுட்டதுங்கம்மா. பொண்ணு அந்தப் பக்கமே போனதில்ல."

"அப்ப சரி. ரத்தத்துல உள்ளதா இருந்தாத்தான் யோசிக்கணும்."

வீட்டு வாசலில் துஷாந்தினி தாயின் காதில், "அம்மா, நீங்க ஒண்ணும் பேச வேணாம்" என்றது எனக்கும் கேட்டது. எனக்குக் காது கொஞ்சம் நீளம்.

விஜயலெட்சுமி தேத்தண்ணி ஊற்றினாள். கொதிக்கக் கொதிக்க அது இடது கையின் மேல்புறத்தில் சிந்தியது. அவள் கவனிக்கவே இல்லை. மகள்தான் ஓடிவந்து துடைத்தாள்.

"ஐயோ, சுடலையா?" என்றாள் பெரியாயி.

"அந்தப் பக்கம் மரத்துப்போச்சுக்கா. ஆபரேஷனுக்குப் பொறவு."

பெரியாயிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊர்ப் புள்ளைகளப் புடிச்சு நின்னதுக்கு அந்த மிஷின் இப்புடி சுட்டிருச்சே! நல்லவேள, மிஷின் நோவு பொண்ணுக்கு ஒட்டாது. இப்பவே தட்டு மாத்திக்கிருவமா?"

"மாத்துங்க மாத்துங்க, வடை ஆறுது" என்றேன் நான். தயாபரன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். துஷாந்தினி சிரிக்கவில்லை, அம்மாவையே பார்த்தாள்.

பெரியாயி வெற்றிலைத் தட்டை நீட்டினாள். விஜயலெட்சுமி அதை வாங்கவில்லை. சந்தையில் லீக்ஸ் விலை சொல்வது போன்ற குரலில் சொன்னாள்:

"மிஷின் என்னையச் சுடலக்கா. எங்கம்மா தேயிலைக் கொழுந்தெடுத்தவ, எக்ஸ்ரே ரூம் எந்தத் தெசைன்னே தெரியாது. அவளுக்கும் இதே நோவு. எங்கக்கா பெக்டரியில நின்னவ. அவளுக்கும் இதேதான். எங்க ரத்தத்துல ஒரு கோளாறு இருக்கு. மத்தவங்க ஒடம்பு உள்ளுக்குள்ள தானாக் கெட்டதையும் கதிர் பட்டுக் கெட்டதையும் தானே சரி பண்ணிக்கிருமாம், எங்களுக்கு அந்த ரிப்பேர் வேல ஒழுங்கா நடக்காதாம். மிஷின் கொஞ்சம் கூட்டி விட்டிருக்கலாம், உறுதியாச் சொல்ல ஏலாதுன்னாங்க டாக்டரம்மா. இவளுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. இன்னும் பாக்கல. பாத்துட்டு வந்து தட்டு மாத்துங்க, இல்லாட்டி இப்பவே எந்திரிச்சுப் போங்க. மிஷின் சுட்டுச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. அதையே சொல்லிக்கிட்டிருந்தா இவ ரத்தம் குடுக்கவே போக மாட்டா."