கஞ்சி பூசிய தூண்டில்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். நான் பள்ளிக்கூடம் போனதே கொஞ்ச நாள். அதிலும் பாதி வாத்தியாரைப் பார்த்துச் சிரித்ததில் போயிற்று. ஆனால் போன மாதம் பழைய தலைப்பாகையை உதறியபோது, சேவல் இறகும் சிவப்புப் பட்டும் சுற்றிய தூண்டில் முள் ஒன்று விரலில் ஏறியது. எதிலும் மாட்டாது என்று பேர் வாங்கிய முள், என் விரலை மட்டும் விடவில்லை.

அதைக் கட்டியவன் ஆரணியில் என் கூட்டாளி. தறியில் நெய்து முடிந்த பழைய பாவின் நீள இழைகளோடு புதுப் பாவின் இழைகளைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்த்துப் பாவு புனைவது அவன் தொழில். அந்த விரல்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஏரி அளக்க வந்த துரை அவனை அழைத்தார். துரைக்குக் கடலோரப் பழவேற்காட்டு உப்புத் தண்ணீரில் மீன் பிடிக்கும் பைத்தியம். புழுவுக்குப் பதிலாக இறகு கட்டிய முள்ளைத்தான் வீசுவாராம். வீசும்போதெல்லாம் அது பாசியில் மாட்டிக்கொள்ளுமாம். என் கூட்டாளி இரண்டு நாள் யோசித்தான். பாவுக்குக் கஞ்சி தேய்க்கும் நார்க் கற்றையிலிருந்து விறைப்பான நார் ஒன்றை உருவி, முள்ளின் முனைக்கு முன்னால் வில்லாக வளைத்துக் கட்டினான். பாசி வந்தால் நார் ஒதுக்கிவிடும்; மீன் கவ்வினால் நார் அமுங்கி முள் ஏறும். ஏரியில் இழுத்துப் பார்த்த துரை, இதேபோல் பன்னிரண்டு கட்டித் தந்தால் அவனையும் கடலுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார்.

அவன் கடலைப் பார்த்ததில்லை. கட்டிக்கொண்டே அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்று என்னிடம் கேட்பான்.

"கோட்டை மதில் உயரம் கீது. உன் மூஞ்சியப் பார்த்தா இன்னும் எகிறும்" என்பேன், நானும் பார்க்காதவன்.

அவன் தேடித் தவிக்கட்டும் என்று ஒரு முள்ளைத் தலைப்பாகையில் ஒளித்தேன். அவன் சலிக்காமல் இன்னொன்று கட்டினான். தண்ணீர் இறங்காதபடி கட்டின் மேல் தேன்மெழுகு பூசும் வேலை எனக்கு. மெழுகு உருக்கச் சோம்பல். பக்கத்தில் பாவுக்குக் காய்ச்சிய கஞ்சி இருந்தது. எங்கள் தெருவில் நூல் விறைக்கக் கஞ்சிதானே? துரையின் மீனும் ஒரு வாய் குடிக்கட்டும் என்று பன்னிரண்டுக்கும் பூசினேன். காய்ந்ததும் மெழுகைவிடப் பளபளத்தது.

புறப்படும் முன் துரை அவற்றை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். மாலையில் எடுத்தபோது தண்ணீர் வெளுத்திருந்தது. நாரெல்லாம் துவண்டு படுத்திருந்தது. யார் பூசியது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் என் கூட்டாளி, "நான்தாங்க" என்றான். துரையின் வண்டி அவன் இல்லாமல் போயிற்று. அவன் மறுநாள் பாவு புனைய உட்கார்ந்தான். முதன்முறையாக எனக்குக் கேலி வரவில்லை.

இப்போது நான் பட்டணத்தில் ஜவுளிக் கடையில் இருக்கிறேன். கடல் நடந்துபோகிற தூரம். விரலில் ஏறிய முள்ளுக்கு இந்தத் தடவை மெழுகு உருக்கிப் பூசினேன். ஆறு கடலில் சேருமிடத்தில், பாசி மண்டிய தண்ணீருக்குள் விட்டு இழுத்தேன். ஒரு பாசிகூட ஒட்டாமல் வந்தது. அன்றைக்கே அவனுக்கு எல்லாவற்றையும் எழுதி, முள்ளையும் காகிதத்தில் மடித்து அனுப்பினேன்.

பதில் ஒரு கார்டில் வந்தது: "கஞ்சி வாசம் எனக்குத் தெரியாதாடா, அலை எவ்ளோ உயரம் கீதுன்னு இப்பவாச்சும் நெஜத்தை எழுது."